ஆதி குணசேகரனை நம்பியவர்கள்: ‘எதிர்நீச்சல்’ தொடரும் பார்வையாளரின் நம்பிக்கையும்

நெடுந்தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், அவற்றைப் பார்க்காதவர்கள் சொல்லும் முதற்குறை ‘இப்படியெல்லாம் எங்கே நடக்கிறது?’ என்பதுதான். பட்டுப்புடவையும் நகையுமாகத் தூங்கி எழும் மருமகள், கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிடும் நாத்தனார், பாலில் மருந்து கலக்கும் கை, ஒரு வசனத்துக்கு ஐந்து முகங்களை மாறிமாறிக் காட்டும் கேமரா என்று ஒரு பட்டியலும் அவர்கள் கைவசம் இருக்கும். பட்டியல் சரிதான். ஆனால் அன்றாடம் தொடர் பார்ப்பவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும். தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வருவதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. அதுபோல இவற்றையும் வடிவத்தின் வழக்கங்களாக எடுத்துக்கொண்டு பார்வையாளர்கள் அப்பால் போய்விடுகிறார்கள். அவர்கள் ‘இது நம்புகிற மாதிரி இல்லை’ என்று சலித்துக்கொள்ளும் இடம் வேறு. ‘அப்படியே எங்க பெரியப்பா’ என்று சிரிக்கும் இடமும் வேறு. இவ்விரண்டு இடங்களையும் ஒருசேரக் காட்டிய தொடர், சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’.

‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வம் இதன் இயக்குநர். கதையின் அடிப்படை எளிது. ஆதி குணசேகரன் வீட்டில் அவனோடு சேர்த்து நான்கு சகோதரர்கள். நால்வருக்கும் படித்த, திறமையுள்ள பெண்களையே தேடிக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டி வைத்தபின் அந்தப் படிப்பையும் திறமையையும் அடுப்படியில் பூட்டிவிடுகிறார்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்ற மூத்த மருமகள் மூவரும் இதற்குப் பழகிப்போனவர்கள். நான்காவதாக வரும் ஜனனி பழக மறுக்கிறாள். வீட்டு அப்பத்தாவின் பெயரிலிருக்கும் 40 விழுக்காடு சொத்துப் பங்கு இந்த மோதலை முறுக்கேற்றுகிறது. மாமியார் கொடுமையை மாமியாரிடமிருந்து எடுத்து, அது உண்மையில் எங்கிருந்து வருகிறதோ அந்த ஆணின் கையில் வைத்தது இத்தொடரின் முதல் நல்ல காரியம். விசாலாட்சி அம்மாள் கொடுமைக்காரியாகத் தோன்றும் காட்சிகளில்கூட அவள் மகனின் குரலையே பேசுகிறாள் என்பதைக் கதை மறைப்பதில்லை.

நம்ப வைத்தது எது?

குணசேகரனாக நடித்தவர் ஜி. மாரிமுத்து. தேனி மாவட்டத்துக்காரர். ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) ஆகிய படங்களை இயக்கியவர். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கதாநாயகியின் தந்தையாக வந்தது பலருக்கு நினைவிருக்கும். அவர் சின்னத்திரைக்குக் கொண்டுவந்தது அழுத்தமான ஒரு பேச்சு. ‘ஏய்’, ‘இந்தாம்மா’ என்று அவர் கூப்பிடும் தோரணை தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த விளியை உற்றுக் கேட்டால் அதன் வேலை புரியும். ‘ஏய்’ என்பது அதட்டல். ‘இந்தாம்மா’ என்பது கேட்பதற்கு மரியாதை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது எதிரில் நிற்பவள் கோபித்துக்கொள்ளவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. தம்பி மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், முகத்தை நேரே பார்க்காமல், வேட்டியைச் சரிசெய்துகொண்டே பேச்சை முடித்துவிடும் மூத்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். திரையில் அந்த உடம்பும் அந்தக் குரலும் வந்ததும் மற்றவையெல்லாம் மன்னிக்கப்பட்டன.

பண்பாட்டு ஆய்வாளர் இயென் ஆங் 1980களில் அமெரிக்கத் தொடரான ‘டல்லாஸ்’ பற்றி ஆராய்ந்தபோது இதையே வேறொரு முனையிலிருந்து கண்டார். நெதர்லாந்துப் பெண்கள் இதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்து, அத்தொடரை ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று எழுதும்படி கேட்டார். நாற்பத்திரண்டு கடிதங்கள் வந்தன. டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர்களின் வாழ்க்கை டச்சு வாசகியருக்குச் சற்றும் சம்பந்தமில்லாதது. ஆயினும் தொடரை விரும்பியவர்களுக்கு அது ‘உண்மையாக’ இருந்தது. நிகழ்ச்சிகளிலும் மாளிகைகளிலும் இல்லாத அந்த உண்மை, அவை கிளப்பும் உணர்ச்சியில் இருந்தது. இதை அவர் உணர்ச்சி சார்ந்த மெய்ம்மை என்று விளக்கினார். இக்கருத்து நம் தொடர்களுக்கும் பெரிதும் பொருந்தும் என்றாலும் தமிழில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இங்கே உணர்ச்சிக்கு முன்னால் பேச்சு வருகிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பார்க்கப்படுகிற கலை இது. பாதி நேரம் கண் திரையில் இருக்காது, காதுதான் தொடரைப் பார்க்கிறது. ஆகவே வட்டார வழக்கு சரியாக விழுந்துவிட்டால் ஒரு பாத்திரம் பாதி நம்பப்பட்டுவிட்டது என்று பொருள்.

திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’யின் (2002–2005) வெற்றியும் இப்படிப்பட்டதே. டெல்லி குமார் நடித்த சிதம்பரம் ஐந்து பெண்களைப் பெற்ற சாதாரணத் தகப்பன். அவர் கதையில் பெரிய சதி ஒன்றும் தேவைப்படவில்லை. சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதா வேண்டாமா என்று தயங்கும் மனிதராக அவரைப் பார்வையாளர்கள் அறிந்துகொண்டார்கள். அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது.

சிரிப்பு எந்தப் பக்கம்?

சிக்கல் இனிமேல்தான். குணசேகரன் எதிர்க்கப்பட வேண்டியவனாக எழுதப்பட்ட பாத்திரம். தலைப்பே அந்த வீட்டுப் பெண்களின் நீச்சலைக் குறிக்கிறது. ஆனால் தொடரின் நட்சத்திரமாக ஆனவன் அவன்தான். அவனது அவமதிப்புச் சொற்களை வெட்டியெடுத்து நகைச்சுவைத் துணுக்குகளாக்கினார்கள். வீடுகளில் ஆண்கள் மனைவியரை விளையாட்டாக அந்தத் தொனியில் கூப்பிட்டார்கள், மனைவியரும் சிரித்தார்கள். அதுவரை தொடர் பக்கமே தலைவைக்காத ஆண்கள் குணசேகரனுக்காக வந்து உட்கார்ந்தார்கள். பெண்ணடிமைத்தனத்தைக் காட்டிக் கண்டிக்க வந்த ஒரு பாத்திரத்தை வீட்டு ஆண்கள் விரும்பி நடித்துக்காட்டுகிறார்கள் என்றால், கண்டனம் எங்கே போயிற்று?

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1971இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரின் ஆர்ச்சி பங்கர் இனவெறியும் பிடிவாதமும் கொண்ட குடும்பத் தலைவன். அவனைக் கேலிக்குரியவனாக்கி அந்த மனப்பான்மையையே அம்பலப்படுத்துவது படைப்பாளரின் எண்ணம். நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்னும் உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது. முன்முடிவுகள் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகப் பார்த்தார்கள், வாதத்தில் அவனே வெல்வதாகவும் எண்ணினார்கள். இந்தியாவின் முதல் நெடுந்தொடரான தூர்தர்ஷனின் ‘ஹம் லோக்’ (1984–85) கதையும் இதற்கு நெருக்கமானது. அதில் பகவந்தி என்னும் தாய், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் பெண் எப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காகப் படைக்கப்பட்டவள். பார்த்தவர்களில் பலர் அவளை நல்ல மனைவிக்கு எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

எனவே நம்பகத்தன்மை என்பது படைப்பாளனின் நோக்கத்துக்கு ஊழியம் செய்யும் பண்டமல்ல. ஒரு மனிதன் உயிரோடு வந்து நின்றுவிட்டால், பார்ப்பவர்கள் அவனோடு தாங்கள் ஏற்கெனவே வைத்திருந்த உறவையே தொடர்கிறார்கள். அப்பாவுக்கு அஞ்சி வளர்ந்தவர்களுக்கு அவர் மேல் பாசமும் இருக்கும். குணசேகரனைப் பார்த்துச் சிரித்த பெண்கள் அனைவரும் அவன் கொள்கையை ஏற்றவர்கள் என்று சொல்வது அநியாயம். வீட்டில் சிரிக்க முடியாத ஒருவரைத் திரையில் வைத்துச் சிரித்துக்கொண்டவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பும் ஆண்களின் சிரிப்பும் ஒரே துணுக்கின்மேல் விழுந்தன. தொடர் அவற்றைப் பிரித்துக்காட்ட முயலவில்லை. அதற்கு மாறாக, புகழ் கூடக்கூட அவனுக்கு வசனத்தைக் கூட்டியது.

அந்த வீட்டை விட்டு ஏன் போகவில்லை?

பார்வையாளர்கள் உண்மையிலேயே கோபப்பட்ட இடம் பெண்களின் பக்கத்துக் கதை. ‘இவ்வளவு நடந்த பிறகும் இவளுங்க ஏன் அந்த வீட்டிலேயே இருக்காளுங்க?’ என்ற கேள்வி தொடர் நெடுகிலும் கேட்டது. உண்மை வாழ்க்கையில் இதற்குப் பல பதில்கள் உண்டு. போக இடமில்லை, பிள்ளைகளின் படிப்பு, பிறந்த வீட்டில் இன்னும் கல்யாணமாகாத தங்கை, கையில் காசில்லாமை. தொடர் இவற்றில் சிலவற்றைத் தொடக்கத்தில் தொட்டது, பிறகு கைவிட்டது. மருமகள்கள் வீட்டிலேயே இருந்ததற்கு உண்மைக் காரணம் படப்பிடிப்பு சார்ந்தது. வீடு கலைந்தால் தொடர் இல்லை. ஒவ்வொரு முறை அவர்கள் வெல்லும்போதும் அடுத்த வாரமே அந்த வெற்றி பறிபோகும், அதே கூடத்தில் அதே வரிசையில் நின்று அதே வசவைக் கேட்பார்கள். 2024இல் ஈஸ்வரியின் மகள் தர்ஷினி கடத்தப்படும் பகுதி இழுத்துக்கொண்டே போனபோது, அதுவரை பொறுத்தவர்களும் பொறுமை இழந்தார்கள். கடத்தல் என்பது நடக்காத செயலன்று. நேற்று வரை துணிந்து பேசிய பெண்கள் இன்று கதையை நீட்டுவதற்காக மட்டும் ஒன்றும் தோன்றாதவர்களாக நின்றார்கள். எரிச்சல் அதன்மேல்தான் எழுந்தது.

இங்கே பார்வையாளரின் அளவுகோல் மிகத் துல்லியமானது. நடக்க முடியாத நிகழ்ச்சியை அவர்கள் ஏற்பார்கள், ஆள் தன் குணத்துக்கு மாறாக நடந்தால் ஏற்க மாட்டார்கள். மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று இத்தொடருக்கான பின்னணிக் குரல் பதிவுக்குச் சென்ற இடத்தில் மாரடைப்பு வந்து காலமானார். அதன்பின் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். ‘குற்றப்பரம்பரை’ நாவலின் ஆசிரியர், தென்மாவட்ட வாழ்வை நன்கறிந்தவர், கனத்த தோற்றமும் குரலும் உடையவர். ஆயினும் பலரால் அவரைக் குணசேகரனாக ஏற்க முடியவில்லை. ‘இவர் அடிப்பார், அவர் பேசியே கொல்வார்’ என்பதுபோல் அவர்கள் சொன்ன வேறுபாடு, நடிப்பைப் பற்றிய செம்மையான விமரிசனம். மிரட்டும் ஆளை அவர்கள் தேடவில்லை. வீட்டுக்குள் இருக்கும், எழுந்து போகச் சொல்ல முடியாத ஆளையே தேடினார்கள்.

பெண் பாத்திரங்கள் நம்பப்படவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கூடத்தில் நின்று உரிமையைப் பற்றி ஜனனி பேசிய நீண்ட உரைகள் மேடைப் பேச்சாகவே நின்றன. அந்தத் தமிழை யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஆனால் அடுப்படிக் காட்சிகள் அப்படியல்ல. நான்கு ஓரகத்திகளும் தாழ்ந்த குரலில் ஆண்களைக் கிண்டல் செய்வதும், நந்தினி ஒரு சொல்லில் கொழுந்தனார்கள் அத்தனை பேரையும் கவிழ்ப்பதும், வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் கரண்டியைக் கிண்டத் தொடங்குவதும் குணசேகரனின் அதட்டலுக்கு நிகராக நம்பத்தக்கவை. ஹரிப்பிரியா நடித்த நந்தினிக்குக் கிடைத்த வரவேற்பு இதைக் காட்டுகிறது. குணசேகரனின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அந்த அடுப்படியில் ஏற்கெனவே இருந்தது. எழுதியவர்கள் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோதெல்லாம் வழக்கு மொழியைக் கழற்றி வைத்துவிட்டு, மருமகள்கள் வாயில் உரைநடையைத் திணித்தார்கள். அதட்டுகிறவன் மண்ணின் மொழியில் பேச, எதிர்க்கிறவள் கட்டுரை மொழியில் பதில் சொன்னால், வாக்குவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு, யாரைக் காது நம்புகிறது என்பது வேறு.

இரண்டாம் பாகமாக ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ 2024 டிசம்பரில் தொடங்கியது.