மதில் கட்டிய கணக்கு

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை எழுதினேன். அதில் ரஞ்சன்குடிக் கோட்டை வருகிறது. பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். கொத்தளத்தின்மேல் நிலவு, அகழியில் அல்லி, நள்ளிரவில் குதிரைக் குளம்பொலி என்று ஒன்றும் விடாமல் வைத்திருந்தேன். வாசகர்களுக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது.

அரியலூர்ப் பக்கம் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்த ஒரு பெரியவர், தொடர் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கதை நன்றாய்த்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் இவ்வளவு பெரிய கோட்டைக்குச் சுண்ணாம்புக்கும் கூலிக்கும் பணம் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லையே?" என்றார்.

"கதையில் அதெல்லாம் எதற்கு ஐயா?" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்தது, இன்னும் போகவில்லை.

நம் சரித்திர நாவல்களை நினைத்துப் பாருங்கள். கோட்டை தானாக முளைத்து நிற்கும். அதைப் பிடிப்பார்கள், இழப்பார்கள். சுரங்க வழியாக ராஜகுமாரி தப்பிப்பாள். கல் சுமந்தவனுக்கு அன்றைக்குக் கூலி கிடைத்ததா, யார் கொடுத்தார்கள் என்பது மட்டும் வராது. வீரத்தை எண்ணத் தெரிந்த நமக்கு வராகனை எண்ணத் தெரியவில்லை.

எண்ணத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருஷங்கள் அவர் எழுதிய தினசரியை இலக்கியமா, சரித்திரமா என்று கேட்டு வீணாய்ச் சண்டை போடுகிறோம். என் அபிப்பிராயத்தில் அது ஒரு பேரேடு. வியாபாரி எழுதியது, வியாபாரியின் பேச்சுத் தமிழிலேயே எழுதியது. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார்கள், இன்னாருக்கு எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள் என்று எண்ணி எண்ணி எழுதுகிறார். நாம் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டு மயிர்க்கூச்செறிகிறோம். அவர் எத்தனை வெடி என்று விரலை மடக்குகிறார். வெடிக்கு மருந்து வேண்டும், மருந்துக்குப் பணம் வேண்டும் என்று தெரிந்த மனுஷனுடைய எழுத்து அது. அதனாலேயே அதில் பொய் வீரம் இல்லை.

அந்தக் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு நம் கடற்கரையைப் பார்த்தால் வேறு மாதிரியாகத் தெரிகிறது.

சென்னப்பட்டணத்துக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1640-இல் வேலை தொடங்கியபோதே சண்டை எதிரியோடு அல்ல, பணத்தோடுதான். கட்டி முடியும் வரை செலவுக்கு வாங்கும் கடனின் வட்டியைத் தாமே கொடுப்பதாக பிரான்ஸிஸ் டே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு நிற்கவில்லை. 1644-க்குள் 2,294 பவுன் செலவாகியிருந்தது. முடிக்க இன்னும் 2,000 வேண்டும் என்றார்கள். காவலுக்கு நூறு சிப்பாய்கள் வேண்டும் என்றும் கேட்டார்கள். லண்டன் முதலாளிகள் முணுமுணுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மதிலை ஒரு தரம் கட்டினால் போதும். மதில்மேல் நிற்கிறவனுக்குத் தினமும் சோறு போட வேண்டும்.

புதுச்சேரியிலும் அதே கதை. 1743-இல் பாரிஸ் கும்பினியார் டூப்ளேக்கு எழுதினார்கள்: செலவைப் பாதியாகவாவது குறை, கோட்டை வேலையை நிறுத்து என்று. அப்போது ஊரின் கடல் பக்கம் திறந்து கிடந்தது. யுத்தமோ வாசலில் நின்றது. டூப்ளே மற்றச் செலவுகளைக் குறைத்தார். மதிலை மட்டும் நிறுத்தவில்லை, தம் பணத்தையும் போட்டுக் கட்டினார். 1748-இல் பாஸ்கவன் பெரிய கப்பற்படையோடு வந்து முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினபோது, டூப்ளே செய்ததுதான் சரி என்று ஆயிற்று. ஆனால் அந்த முற்றுகைச் சமயத்தில்தான் ஊருக்குள்ளே வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளை அதை எழுதியிருக்கிற பக்கங்களைப் படித்துப் பாருங்கள். கவர்னருக்கு வலக்கையாக இருந்தவர் தம் கண்முன் நடப்பதைத் தடுக்க முடியாமல் எழுத மட்டும் செய்கிறார். எந்தக் கல்லை எங்கே அடுக்குவது, எந்தக் கல்லைப் பெயர்ப்பது என்பதெல்லாம் வேறொருவர் கையில்.

சென்னையிலும் கோட்டைக்கு முன்னால் வெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் 1757-இல் இடம் இழந்து, பிறகு வேறிடத்தில் கோயில் கொண்டார்கள். பட்டணத்தைச் சுற்றிப் பிற்பாடு ஒரு மதில் எழுப்பி, அந்தச் செலவை ஊர்க்காரர்களிடமே வரியாக வாங்கலாம் என்று எண்ணினார்கள். எண்ணியபடி வசூலாகவில்லை. மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. வால்டாக்ஸ் ரோடு என்று வரியின் பெயர் மட்டும் தெருவில் நிற்கிறது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு பிள்ளையிடம் எனக்கு ஒரு குறை தோன்றியது. அவருடைய பேரேட்டில் கும்பினியின் பணம் தெரிகிறது, கவர்னரின் பணம் தெரிகிறது, வியாபாரிகளின் பணம் தெரிகிறது. இந்தப் பணமெல்லாம் கடைசியில் எந்த வயலிலிருந்து வந்தது என்ற பத்தி தெரியவில்லை. அவர் கண் கடலைப் பார்த்த கண். கப்பல் வரும் திசையையே பார்த்துப் பழகியது. முதுகுக்குப் பின்னால் இருந்த எங்கள் சீமையை, சண்டைச் செய்தி வரும்போதுதான் திரும்பிப் பார்க்கிறது.

1751-இல் அப்படி ஒரு சண்டைச் செய்தி போயிருக்கும். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சிராப்பள்ளியை நோக்கிப் போகும் வழியில், முகம்மதலியின் ஆட்களும் இங்கிலீஷ்காரர்களும் வாலிகண்டபுரத்துப் பக்கம் மறித்தார்கள். ரஞ்சன்குடிக் கோட்டைக்காரன் இரண்டு பக்கத்தோடும் பேரம் பேசிக்கொண்டு காத்திருந்தான். கடைசியில் இங்கிலீஷ் சோல்ஜர்கள் தைரியம் இழந்து பின்வாங்கினார்கள். என் தொடர்கதையில் அந்தப் பேரம் பேசினவனைத் துரோகி ஆக்கியிருந்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்தக் கூட்டத்தில் கணக்குத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானோ என்று தோன்றுகிறது.

ஜெயித்த பக்கம் சும்மா ஜெயிக்கவில்லை. பில் வந்தது. 1760-இல் நவாப் முகம்மதலி, கும்பினிக்குப் பட்ட கடன் தீரும் வரை வருஷத்துக்கு 28 லட்சம் ரூபாயும், திருச்சிக் கோட்டைப் படைச் செலவுக்கு 3 லட்சமும் தருவதாக ஒப்புக்கொண்டார். புதுச்சேரியை முற்றுகையிட்ட செலவும் அவர் தலையில் விழுந்தது. 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். அதே மாதம் புதுச்சேரி பட்டினியால் விழுந்தது. டூப்ளே கட்டின மதிலை அந்த வருஷமே இங்கிலீஷ்காரர்கள் தரைமட்டமாக்கினார்கள்.

நவாப் அந்த லட்சங்களுக்கு எங்கே போவார்? சீமையைத்தான் பார்ப்பார். அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்கள் திருச்சிச் சீமையைச் சேர்ந்தவை. நவாபுக்குப் பேஷ்குஷ் கட்ட வேண்டியவை. பாக்கி என்று சொல்லி அந்த 1760-களிலேயே படை வந்து இரண்டு பாளையங்களையும் பிடித்துக்கொண்டது. வரகும் கம்பும் விளைகிற மானாவாரிக் காடு, கடற்கரைப் பீரங்கிக்குப் படியளந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே இன்னும் மோசம். சென்னை மதிலைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டுதான் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களிலும் பெரிய புள்ளி. தஞ்சாவூர் வயலில் நின்ற பயிர்மேலேயே தமக்குப் பாத்தியதை உண்டு என்று அவர் கோரினார். 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் எழுந்து இந்தக் கடன்களைக் கிழித்துக் காட்டினார். நம் தரப்பில் ஒரு நாவல்கூட அதைத் தொடவில்லை என்றே நினைக்கிறேன்.

பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்களைப் பிள்ளையின் தினசரியை வைத்து எழுதினார். ராஜா ராணிகளை விட்டுவிட்டுச் சாதாரண மனுஷர்களைச் சரித்திரக் கதைக்குள் அழைத்து வந்த பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அவரும் புதுச்சேரியில் நின்றுதான் பார்க்கிறார். அரியலூரில் நின்று பார்த்து ஒரு கதை பாக்கியிருக்கிறது.

எங்கள் அரியலூர் மண்ணைத் தோண்டினால் கல்லாய்ப்போன கிளிஞ்சல்கள் வரும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்ததாம். கடல் எங்களை விட்டுப் போய்விட்டது. கடற்கரையின் பற்றுச்சீட்டு மட்டும் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தது.

தொடரைப் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பாளர் கேட்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நிலவை அப்படியே விட்டுவிடலாம். அது ஒன்றும் செலவில்லை. ஆனால் ஒரு அத்தியாயம் புதிதாக எழுத வேண்டும். பேஷ்குஷ் பாக்கிக்காக ஒரு களத்துமேட்டில் கம்பு அளக்கிறார்கள். எதற்கு என்று அளக்கிறவனுக்கும் தெரியாது, கொடுக்கிறவனுக்கும் தெரியாது. அதை எழுதி முடித்தால் முதலில் அந்தக் கணக்குப்பிள்ளைக்குத்தான் படித்துக் காட்டுவேன். கூட்டல் சரியாய் இருக்கிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.