இசைத்தட்டுச் சேகரிப்பும் தோட்டத்துச் செவியும்

மலாக்கா ஜோன்கர் தெருவின் பழம்பொருள் கடைகளில் தமிழ் இசைத்தட்டுகளைத் தேடுவோர் முதலில் நோக்குவது கீறலற்ற பரப்பையே. 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் நமக்குத் தட்டுகளின் வழியே எஞ்சியுள்ளது. ஆதலின் இத்தேட்டம் பாராட்டுக்குரியது. ஆயினும், தேய்ந்த தட்டைக் கழிவென ஒதுக்கும் மதிப்பீடு ஏற்புடையதன்று.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் தடத்தைச் சிறிது அரிக்கும். இரு பக்கங்களில் எது மிகுதியாகத் தேய்ந்துள்ளதோ அதுவே மிகுதியாகக் கேட்கப்பட்டது எனலாம். மழுங்கிய ஊசியின் குற்றமும் கலந்திருக்கும் என்பது உண்மையே. எனினும் அக்குற்றம் பெரும்பாலும் இரு பக்கத்திற்கும் பொது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டத்தார் எதை விரும்பினர் என்பதைச் சம்பளப் பதிவேடுகள் கூறமாட்டா, இத்தேய்மானம் கூறும்.

நடுத்தாளில் ஒட்டிய கடைச்சீட்டும் உறையில் எழுதிய பெயரும் இத்தகைய சான்றுகளே. சேகரிப்போர் பலர் இவற்றை அழுக்கெனக் கருதி அகற்றிவிடுகின்றனர்! 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் சிதறின. தட்டு எத்தோட்டத்தது என்பதை இன்று பொருளைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டுத் தனித்தாளில் குறித்துவைத்தல் வேண்டும். லயன்களில் அவற்றைக் கேட்டு வளர்ந்தோர் பலர் எண்பதை எட்டிவிட்டனர்.