அந்த 104 பேர் எங்கே?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கொரோனா வந்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள்? இந்தக் கேள்வியோடு 2020ல் வந்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் படிச்சேன்.

முதலாவது, ஐரோப்பியச் சிறுநீரகப் பதிவேட்டை வைத்து கிட்டி யாகர் குழு எழுதியது. தொற்று வந்த டயாலிசிஸ் நோயாளிகள் 3,285 பேர். 28 நாளுக்குள் கொரோனாவால் நேர்ந்த இறப்பு 20 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். இதில் எனக்குப் பிடிச்சது கணக்குப் போட்ட விதம். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு வைரஸ் இல்லாமலே இறப்பு ஆபத்து அதிகம். அதனால தொற்று வராத, அதே மாதிரியான நோயாளிகளோட ஒப்பிட்டு, வழக்கமான இறப்பைக் கழிச்சுட்டுத்தான் இந்த 20ஐச் சொல்றாங்க.

ஆனால் இந்த வகை ஆய்வுகள் தரும் ஆபத்துக் காரணிகளைப் பாருங்க: வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை, இதய நோய். எல்லாமே நோயாளியின் உடம்புக்குள்ள இருக்கு. அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்கு ஒரு வரிசை கிடையாது.

இரண்டாவது, லக்னோவின் நாராயண் பிரசாத்தும் மற்றவர்களும் எழுதியது. இந்தியாவில் 19 மருத்துவமனைகள்: அரசு 8, தனியார் 11. ஊரடங்குக்கு முன் 2,517 டயாலிசிஸ் நோயாளிகள், பின் 2,404. ஒரு தடவையாவது டயாலிசிஸ் தவறியவர்கள் 710 பேர். இறந்தது உறுதியானவர்கள் 9. வருவதையே நிறுத்திவிட்டவர்கள் 104.

ஏன் நின்னாங்க? எங்க குமணன்சாவடி சிக்னல்ல நின்னு யோசிச்சா ஒரு பதில் புரியும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பூந்தமல்லி ரோட்டுல பஸ் பிடிச்சுப் போயிட்டு வர்றவருக்கு, 2020 மார்ச் கடைசியில அந்த பஸ்ஸே இல்லை. ஆட்டோவும் இல்லை. ரெண்டு மூணு தடவை தவறினால் பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். வைரஸ் தொடாமலே உயிர் போகலாம்.

இங்கேதான் என் விமர்சனம். 9 பேரை மட்டும் எண்ணினால் இறப்பு 0.36 சதவீதம். அந்த 104 பேரும் இறந்திருந்தால் 4.5 சதவீதம். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! உண்மை நடுவில் எங்கேயோ இருக்கும். சிலர் வீட்டுக்குப் பக்கத்து சென்டருக்கு மாறியிருக்கலாம். ஆனால் உயிர்பிழைப்பு ஆய்வுகளில் தொடர்பு விட்டுப்போனவர்களை, தொடர்ந்து வந்தவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். டயாலிசிஸ் விஷயத்தில் அது செல்லாது. வராமல் போனதே உயிருக்கு ஆபத்து. நாராயண் பிரசாத் குழு அவர்களைத் தனியாக எண்ணிச் சொன்னது பெரிய காரியம். அந்த 0.36ஐ மட்டும் பிடுங்கி மேற்கோள் காட்டுவதுதான் தப்பு.

அடுத்த தொற்றுக்கு முன்னாடி ரெண்டே காரியம் செய்யலாம். ஒண்ணு, ஆய்வுப் பட்டியலில் வீட்டிலிருந்து தூரம், வரும் வாகனம், வாரத்துக்கு எத்தனை தடவை என்று மூணு வரிசை சேர்க்கணும். ரெண்டு, ஒவ்வொரு டயாலிசிஸ் சென்டரும் நோயாளிக்கு ரெண்டு போன் நம்பர் வாங்கி வைச்சு, ஒரு தடவை வரலைன்னா அன்னைக்கே கூப்பிட்டுக் கேட்கணும். இதுக்குப் புது மருந்தும் வேண்டாம், புது மெஷினும் வேண்டாம்.