வாசித்தவரும் கற்பித்தவரும்: பிரெடெரிக் தேர்ஸ்ரனின் கிளாரினெற்

கற்பிக்கப் புகுந்த கலைஞன் தன் கலையிற் பாதியை இழப்பான் என்னுங் கருத்து இசையுலகில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஆங்கிலேய வித்துவானாகிய பிரெடெரிக் தேர்ஸ்ரனின் (1901–1953) வாழ்க்கையை நோக்குவார்க்கு அக்கருத்து வலியுடையதாகத் தோன்றாது.

ஹெரிபோர்ட் நகருக்கு அண்மையிற் பிறந்த இவர், முதலில் தந்தையாரிடமும் பின்னர் இலண்டன் அரச இசைக் கல்லூரியிற் சாள்ஸ் டிறேப்பரிடமும் பயின்றார். 1930இல் பி. பி. சி. சிம்பனி வாத்தியக் குழுவின் முதற் கிளாரினெற் வாசிப்பவராய் அமர்ந்தார். தாம் பயின்ற கல்லூரியில் ஆசிரியரானதும் அவ்வாண்டிலேயே. குழுவை 1946இல் விட்டார். கல்லூரியை இறக்கும்வரை விட்டாரல்லர்.

அவர் வாசிப்பின் சிறப்பு யாதெனின், அதிர்வு கலவாத தெளிந்த ஒலியாகும். கிளாரினெற்றின் கீழ்நிலைச் சுரங்கள் முடிந்து மேல்நிலை தொடங்குமிடத்தில், திறந்திருந்த துளைகளையெல்லாம் விரல்கள் ஒருங்கே மூடவேண்டும். அதற்குச் சற்று முன்னுள்ள சுரங்களோ இயல்பாகவே மெலிந்தவை. அவ்விணைப்புத் தோன்றாவாறு ஒலியைச் சமன்செய்வதே தேர்ஸ்ரனின் அரிய திறன். அக்காலத்தவரான றெஜினோல்ட் கெல் ஒலியை அதிரவிட்டுப் பாடுவார்போல வாசித்தவர். அவரோடு ஒப்பிட்டுத் தேர்ஸ்ரனைக் குளிர்ந்தவர் என்பாரும் உளர். சின்ன மேளத்திலே கமகத்தோடு குழையும் கிளாரினெற்றைக் கேட்டுப் பழகிய செவிக்கும் இவ்வொலி முதலில் வறண்டதாகவே படலாம். ஆயினும் உணர்ச்சியை ஒலியின் நடுக்கத்தில் வையாது தொடரின் வளைவில் வைத்தலும் ஒரு நெறியே. கிறில்லர் நால்வருடன் அவர் பதிவுசெய்த பிளிஸின் ஐவரிசையைக் கேட்போர் இதனை உணர்வர். அயர்லாந்து, பின்சி, மல்கம் ஆர்னல்ட் முதலானோர் இவருக்கென்றே இயற்ற முன்வந்ததும் இத்தெளிவை நாடிப்போலும்.

மாணாக்கரை நோக்கின் ஒரு வியப்புண்டு. ஜேர்வாஸ் டி பேயர் ஆசிரியர் விலக்கிய அதிர்வைத் தயங்காது கையாண்டார். கொலின் டேவிஸ் வாத்தியத்தையே விட்டு, வாத்தியக் குழுக்களை நடத்துவோராய்ப் புகழ்பெற்றார். தம்மைப்போல் வாசிப்பாரைப் படைப்பதே ஆசிரியரின் வெற்றியெனின், தேர்ஸ்ரன் தோற்றவரேயாவர். ஆயின் அவர் கையளித்தது தம் ஒலியையன்று. ஒலியைச் செவியாற் சோதிக்கும் ஒழுக்கத்தையே. 1956இல், அவர் மறைந்தபின் வெளிவந்த கிளாரினெற் நுட்பம் பற்றிய சிறுநூலும், மூச்சு, விரல், நாக்கு ஆகியவற்றின் பயிற்சியையே சுருங்கப் பேசுகின்றது. அழகைப் பற்றிய விரிவுரையை அதில் தேடுவார் ஏமாறுவர்.

மாணாக்கியாகிய தியா கிங் 1953 ஜனவரியில் அவரை மணந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே தேர்ஸ்ரன் காலமானார். அவ்வம்மையார் 1961 முதல் 1987 வரை அதே கல்லூரியிற் கற்பித்தார். பின்சியின் கொன்சேர்ற்றோவை 1949இல் ஹெரிபோர்ட்டில் அரங்கேற்றியவர் தேர்ஸ்ரன். பின்னாளில் அதனை இசைத்தட்டிற் பதித்தவர்களுள் ஒருவர் தியா கிங்.