வழக்காடச் சென்ற வழி

பயண நூல் என்றதும், மகிழ்ச்சிக்காக ஊர் சுற்றியவர் எழுதிய நூலே நம் நினைவுக்கு வருகிறது. வழக்காடப் போகின்றவர் வழியைப் பாரார். அவர் நெஞ்சம் போய்ச் சேரும் இடத்திலேயே இருக்கும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும் நூல் ஒன்று ஜப்பானிய இலக்கியத்தில் உண்டு. அதன் பெயர் 'இசயோய் நிக்கி'. எழுதியவர் அபுத்சு என்னும் கைம்பெண். கணவர் மறைந்தபின் துறவுக்கோலம் பூண்டவர்.

1279ஆம் ஆண்டு, அந்நாட்டுப் பிறைக்கணக்கில் 10ஆம் மாதம் 16ஆம் நாள், அவர் தலைநகராகிய கியோத்தோவை விட்டுப் புறப்பட்டார். அக்கணக்கில் 10ஆம் மாதமே குளிர்காலத்தின் முதல் மாதம். ஏறத்தாழ 300 மைல் வழியை 14 நாளில் கடந்து, 29ஆம் நாள் காமகுரா நகரை அடைந்தார். முழுநிலவுக்கு அடுத்த இரவின் நிலவு சற்றே தயங்கி எழும். அத்தயக்கத்தைக் குறிக்கும் சொல் 'இசயோய்'. 'நிக்கி' என்பது நாட்குறிப்பு. புறப்பட்ட நாளை வைத்துப் பின்னோர் இட்ட பெயர் இஃது; ஆசிரியர் இட்டதன்று.

இந்நூலைக் குறைகூறுவோர் சொல்வது ஒன்று: ஊர்ப்பெயர், ஒரு பாட்டு, மறுபடியும் ஊர்ப்பெயர், மறுபடியும் ஒரு பாட்டு; இதில் உயிர் எங்கே என்பர். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், ஆசிரியர் எதற்காகச் சென்றார் என்பதை மறவாமல் படித்தால், உயிர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

வழக்கின் வரலாறு

அபுத்சுவின் கணவர் ஃபுஜிவாரா தமேயியே 1275ஆம் ஆண்டில் காலமானார். அவர் தந்தை தெய்க்கா, பாட்டனார் ஷுன்சேய். 31 ஒலியசை கொண்ட 'வாக்கா' என்னும் பாவகைக்கு அரசவையில் மூன்று தலைமுறையாகத் தலைமை தாங்கிய குடி அது. தமேயியேவுக்கு முதல் மனைவியிடம் பிறந்த மூத்த மகன் தமேவுஜி. அபுத்சுவிடம் பிறந்தவர் தமேசுகே. ஹரிமா நாட்டிலிருந்த ஹோசோகாவா என்னும் பண்ணை நிலத்தைத் தமேயியே முதலில் மூத்தவருக்கு அளித்தார். பின்னர் மனம் மாறி, அதனை மீட்டு இளையவருக்கு எழுதிவைத்தார். தந்தை மறைந்தபின் மூத்தவர் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கேதான் 300 மைல் வழிக்குக் காரணம் பிறக்கிறது. கொடுத்ததை மீட்டு வேறொருவருக்குக் கொடுப்பதைக் கியோத்தோ அரசவையின் சட்டமரபு ஏற்பதில்லை. ஆனால், காமகுராவிலிருந்த படைத்தலைவர் ஆட்சி 1232ஆம் ஆண்டில் வகுத்த 51 விதிகளுள் ஒன்று, பெற்றோர் ஒரு பிள்ளைக்கு அளித்ததை மீட்டு மற்றொரு பிள்ளைக்கு அளிக்கலாம் என்றது. தலைநகரில் கிடையாத நீதி தொலைவிலுள்ள படையூரில் கிடைக்கலாம். ஆகவே அத்தாய் புறப்பட்டார்.

ஹோசோகாவா என்பதற்கே 'சிற்றாறு' என்று பொருள். அச்சிற்றாற்றின் ஓட்டம் காரணமின்றி அடைக்கப்பட்டது என்று அபுத்சு நூலின் தொடக்கத்திலேயே முறையிடுகிறார். அந்நிலத்தின் வருவாய் நின்றால், கணவர் நினைவுக்கு ஏற்றும் விளக்கும் இல்லை. கவிதைக் கலையைப் பிள்ளைகள் கற்பதற்கு வழியும் இல்லை. அடைபட்ட ஒரு சிற்றாற்றைத் திறப்பதற்காகப் பேராறுகள் பலவற்றைக் கடந்தார் ஒருவர் என்று இந்நூலின் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

ஆறுகளும் துறைகளும்

அவர் சென்ற வழி நேர்வழியன்று. பிற்காலத்தில் புகழ்பெற்ற தோக்காய்தோ பெருவழி, சுசுகா மலைவழியே குவனா வந்து கடலோரமாகச் செல்வது. அபுத்சு காலத்தில் மக்கள் பெரிதும் சென்ற வழியோ, பிவா ஏரியின் கீழ்க்கரையாக வடகிழக்கே ஏறி, மினோ நாட்டைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே கடலுக்கு இறங்கியது. முதல் நாளே திட்டம் தவறுகிறது. ககாமி என்னும் ஊரை அடைய எண்ணியவர், இருட்டிவிட்டதால் அதற்கு முன்னுள்ள மொரியாமாவிலேயே தங்குகிறார். விட்டுவிட்டுப் பெய்யும் குளிர்காலத் தூறல் அங்கும் அவரைத் தொடர்ந்து வருகிறது.

சுனோமத்தா ஆற்றில் படகுகளை வரிசையாக நிறுத்திக் கொடிக்கயிற்றால் பிணைத்த மிதவைப்பாலம் இருந்தது. அஞ்சிக்கொண்டே அதைக் கடந்தார். நருமியில் கடல் வற்றியிருந்த நேரம் பார்த்துச் சேற்று நிலத்தின் மீதே சென்றார். தென்ரியூ ஆற்றுத்துறையில் ஓடம் ஏறினார். ஃபூஜி ஆற்றை விடியற்காலையில் கடந்தபோது நீர் மிகக் குளிர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் 15 கிளைகளைக் கடந்திருந்தார். ஹக்கோனேயை நெருங்கியபோது, அஷிகாரா மலைவழி தொலைவு என்று விடுத்து, குறுக்கு வழியாகிய ஹக்கோனே மலைவழியை மேற்கொண்டார். அதன் இறக்கமோ கால் நிற்காத செங்குத்து.

இவற்றுள் தென்ரியூத் துறைக் காட்சி ஒன்றே இவ்வாசிரியரின் திறத்துக்குப் போதிய சான்று. கவிஞரும் துறவியுமாகிய சைக்கியோ (1118-1190) இத்துறையில் ஓடம் ஏறியபோது, இடமில்லை என்று அடித்து இறக்கப்பட்டார் என ஒரு கதை வழங்குகிறது. அபுத்சுவும் அதை நினைத்து மனம் கலங்குகிறார். வேறொருவராயின் அக்கதையைச் சொல்லிக் கண்ணீர் வடித்து முடித்திருப்பார். இவரோ அடுத்த வரியிலேயே கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கிறார். துறையில் இருப்பது ஒரே ஓடம், கரையில் கூட்டம், ஓடக்காரனுக்குக் கோலை நிறுத்தி மூச்சுவிடவும் நேரமில்லை. அவர் பாடும் பாட்டும் அவ்வோயாத கோலைப் பற்றியதே. பழங்கதை அவர் கண்ணை மறைக்கவில்லை.

கேள்வியும் காட்சியும்

அக்காலக் கவிமரபில் ஒவ்வொரு புகழிடத்துக்கும் உரிய பாடற்பொருள் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. யாத்சுஹாஷி என்றால் பாலம். ஃபூஜி என்றால் புகை. நேரில் காணாமலே பாடலாம். பலர் அவ்வாறே பாடினர். அபுத்சு அம்மரபை நன்கு கற்றவர். மரபுக் குடியின் மருமகள். ஆயினும் மரபு சொல்வதும் கண் காண்பதும் மாறுபடும் இடங்களில் அவர் கண்ணின் பக்கமே நிற்கிறார்.

யாத்சுஹாஷி, பழைய 'இசே மோனோகத்தாரி' நூலால் பெயர்பெற்ற இடம். அங்கே தங்கியபோது இருள் சூழ்ந்துவிட்டது, பாலம் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறார். ஓயி ஆறு கடத்தற்கரியது என்று கேள்விப்பட்டிருந்தார். சென்று பார்த்தால், குளிர்காலமாதலின் நீர் வற்றிக் கிடக்கிறது. கேட்டதுபோல் இடர் ஒன்றுமில்லை. ஆனால், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த மணற்பரப்பைக் கண்டு, வெள்ளம் வந்தால் எப்படி இருக்கும் என்று கணித்துக்கொள்கிறார்.

எல்லாவற்றினும் சிறந்தது ஃபூஜி மலையைப் பற்றிய குறிப்பு. இளமையில் அவர் தந்தை முறையான ஒருவருடன் தோத்தோமி நாட்டுக்குச் சென்றிருக்கிறார். அச்செலவு அவருடைய 'உத்தத்தானே' என்னும் இளமை நூலிலும் இடம்பெறுகிறது. அந்நாளில் ஃபூஜியின் புகை காலையும் மாலையும் தெரிந்தது. இப்போது பார்த்தால் புகை இல்லை. எந்த ஆண்டு நின்றது என்று வினவுகிறார்; விடை சொல்வார் எவருமில்லை. எரிமலையாகிய ஃபூஜியின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் இக்குறிப்பை எடுத்துக்காட்டுகின்றனர். ஃபூஜியின் புகையைப் பாடிய பாட்டுகள் எத்தனையோ உண்டு. புகை இல்லை என்று கண்டு சொன்ன இவ்வுரைநடைக் குறிப்பு ஆராய்ச்சியாளருக்கும் சான்றாகிறது.

இத்தகைய நேர்மை எங்கிருந்து வந்தது? வழக்கிலிருந்தே வந்தது என்பது நம் கருத்து. உண்மை தம் பக்கம் இருக்கிறது என்று முறையிடச் செல்பவர், காணாததைக் கண்டதாகச் சொல்லக் கூசுவார். அதுமட்டுமன்று. நிலத்துக்குரியவர் யார் என்பதோடு, அக்குடியின் கவிதைக் கல்விக்கு உரியவர் யார் என்பதும் அவ்வழக்கின் உள்ளே கிடந்தது. ஒவ்வோர் ஊரிலும் பாட்டெழுதியது, பாடும் முறையைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். அது பொருத்தமே. மரபையும் கற்பித்தார், மரபைக் கண்ணோடு ஒத்துப்பார்க்கவும் கற்பித்தார்.

நம் ஆற்றுப்படைகளை இங்கு நினைக்கலாம். அங்கே பரிசு பெற்றவன், பெறாதவனுக்கு வழி சொல்கிறான். வழி சொல்பவன் வென்று திரும்பியவன். ஆகவே அவன் சொல்லில் களிப்பு மிகுதி. அபுத்சு இன்னும் பெறாதவர். பெறுவோமா என்றும் அறியாதவர். அதனால் அவர் சொல்லில் களிப்புக் குறைவு, கவனம் மிகுதி.

குறையும் நிறையும்

குறைகளையும் சொல்லவேண்டும். சில ஊர்களை அவர் பெயரளவில் தொட்டுச் செல்கிறார்; அங்குள்ள பாட்டுகள் சொல் விளையாட்டாகவே நின்றுவிடுகின்றன. மாற்றாளின் மகனைப் பற்றிய சினம், தொடக்கத்தில் அறவுரையாக வெளிப்படுகிறது. சுவரிலிருந்து கண்டெடுக்கப்பட்டதாகச் சீனர் கூறும் பெற்றோர்ப் பணிவு நூலை இக்காலப் பிள்ளைகள் அறியார் என்று குத்திக்காட்டுகிறார். வழக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே நாம் கேட்கிறோம் என்பதையும் மறத்தலாகாது. தமேவுஜி எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆயினும், பயன் கருதிச் சென்ற ஒருவர் எழுதியதால் இது இலக்கியம் ஆகாது என்று சொல்வார் கூற்று நிற்காது. பயன் கருதியதால்தான் இது கூர்மை பெற்றது.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. பயணக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர் ஆற்றைக் காணுமுன்பே 'சலசலவென ஓடும் ஆறு' என்று எழுதிவிடுகின்றனர். மலையைக் காணுமுன்பே 'வானளாவிய மலை' என்று எழுதிவிடுகின்றனர். குற்றம் அவர்களுடையது அன்று. அச்சொற்றொடர்களுக்கு மதிப்பெண் கொடுத்தவர்கள் நாம். ஆறு வற்றியிருந்தால் வற்றியிருந்தது என்று எழுதவும், இருட்டில் பாலம் தெரியவில்லை என்று எழுதவும் மாணவரைத் துணியச் செய்தல் வேண்டும். மரபுத்தொடரைக் கற்பிக்கவேண்டாம் என்பதன்று; கற்பித்தபின் அதைக் கண்ணோடு ஒத்துப்பார்க்கக் கற்பிக்கவேண்டும் என்பதே.

வழக்கு என்னாயிற்று என்று வாசகர் கேட்கலாம். காமகுராவில் அபுத்சு காத்திருந்தார். அவர் சென்று ஈராண்டுக்குள், 1281ஆம் ஆண்டில், மங்கோலியர் இரண்டாம் முறையாகப் படையெடுத்து வந்தனர். தீர்ப்பைக் காணாமலே 1283ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அதன்பின் 30 ஆண்டு கழித்து, 1313ஆம் ஆண்டில், தமேசுகேயின் பக்கம் முடிவான தீர்ப்புக் கிடைத்தது. தமேசுகேயின் வழிவந்த ரெய்சேய்க் குடியினர் இன்றும் கியோத்தோவில் வாழ்கின்றனர். தெய்க்காவின் கையெழுத்து ஏடுகள் அவர்கள் களஞ்சியத்தில் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றைப் பேண 1981ஆம் ஆண்டில் ஓர் அறநிலையமும் அமைந்தது. மூத்தவர் வழியோ பதினான்காம் நூற்றாண்டைத் தாண்டி நெடுநாள் நிலைக்கவில்லை.

தாம் கேட்ட நீதியை அத்தாய் கண்ணால் காணவில்லை. கண்ணால் கண்டவற்றை மட்டும் பொய்யின்றி எழுதிவைத்தார். நூல் நிற்பது அதனால்தான்.