ஹைபிரிட் காரின் எண் யாருடையது?

ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மாதிரி வாடிக்கையாளர். பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்50இ ஒரு பிளக்-இன் ஹைபிரிட். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, வீட்டில் சார்ஜ் போடும் பேட்டரியும் உண்டு. ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50 முழு மின்சார கார். இரண்டும் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், இரண்டும் இரண்டரை டன் சுற்றி எடை, இரண்டும் நூறு கி.மீ. வேகத்தை ஐந்து விநாடிக்குள் தொடும். இவ்வளவு நெருக்கமான ஜோடி ஒப்பிடுவதற்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஆனால் நான் பார்த்த விமர்சனங்கள் எல்லாம் சீட், திரை, சவுண்ட் சிஸ்டம் என்று சுற்றிவிட்டு, "தினமும் சார்ஜ் போட முடிந்தால் ஹைபிரிட் நல்ல தேர்வு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த "முடிந்தால்" என்ற சொல்லுக்குள்தான் மொத்த விஷயமும் ஒளிந்திருக்கிறது.

எக்ஸ்5 வந்தபோது அதன் ஐரோப்பிய விவரத்தாளில் கிலோமீட்டருக்குச் சுமார் 20 முதல் 25 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று போட்டிருந்தார்கள். இரண்டரை டன் வண்டிக்கு இது எப்படி வந்தது? டபிள்யூஎல்டிபி சோதனையில் காரை இரண்டு விதமாக ஓட்டுவார்கள். பேட்டரி நிறைந்த நிலையில் ஒரு அளவு, தீர்ந்த நிலையில் ஒரு அளவு. பிறகு இரண்டையும் ஒரு விகிதத்தில் கலப்பார்கள். அந்த விகிதம் காரில் அளக்கப்பட்டதில்லை. இத்தனை கி.மீ. மின்சாரத்தில் ஓடும் காரை வாங்குபவர், மொத்த ஓட்டத்தில் இத்தனை சதவீதத்தை மின்சாரத்திலேயே ஓட்டுவார் என்று ஒரு சூத்திரம் சொல்லும் அனுமானம் அது.

எங்கள் துறை ஆட்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம்: பேட்டரிதான் கேஷ், பெட்ரோல்தான் டிஸ்க். கேஷ் ஹிட் ரேட் 90 சதவீதம் என்று தாங்களே வைத்துக்கொண்டு சர்வர் வேகத்தை விளம்பரம் செய்தால் என்ன சொல்வோம்? உன் வொர்க்லோடைக் காட்டு என்று கேட்போம் இல்லையா?

அந்தச் சூத்திரத்தில் மின்சார ஓட்டம் 100 கி.மீ. என்று கொடுத்து நானே கணக்குப் போட்டேன். பழைய விதிப்படி மின்சாரப் பங்கு சுமார் 90 சதவீதம் வருகிறது. 2025-இல் புது மாடல்களுக்கு வந்த திருத்தத்தில் 65-ஐ ஒட்டி வருகிறது. அடுத்து 2027-28 வாக்கில் வர வேண்டிய திருத்தத்தில் 45 பக்கம். அதாவது பெட்ரோலில் ஓடும் பங்கு 10-இலிருந்து 35, அதிலிருந்து 55. காரில் ஒரு ஸ்குரூகூட மாறவில்லை, மாறியது அனுமானம் மட்டும்.

ஏன் திருத்தினார்கள்? 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் புது கார்கள் எவ்வளவு எரிபொருள் குடிக்கின்றன என்பதைத் தாங்களே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக வெளியிட்டன. பிளக்-இன் ஹைபிரிட்களோ மூன்றரை மடங்கு. 2022-இல் ஐசிசிடி என்ற அமைப்பும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு காரணத்தையும் காட்டியது. சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள் ஓட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மின்சாரத்தில் ஓட்டினார்கள். கம்பெனி கொடுத்த காரை ஓட்டியவர்கள் 11 முதல் 15 சதவீதம்தான்.

இந்த 11 முதல் 15-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜெர்மனியில் இந்த விலைக் கார்களில் பெரும்பகுதி கம்பெனி கார்கள். கம்பெனி காரைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தினால், அதன் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதத்தை உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். தகுதியுள்ள பிளக்-இன் ஹைபிரிட் என்றால் அரை சதவீதம்தான். தகுதி என்ன? 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அல்லது 2025 முதல் மின்சாரத்தில் 80 கி.மீ. ஓட வேண்டும். பிளக்கில் சொருகினாயா என்று யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் கார்டு கம்பெனியுடையது. வீட்டு மின்சாரம் பல சமயம் சொந்தக் கணக்கு, அதைத் திரும்ப வாங்கத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஊழியர் சார்ஜ் கேபிளை டிக்கியிலேயே விட்டுவைத்தால் அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனசில்லை. பணம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகிறார், அவ்வளவுதான்.

முழு மின்சார காருக்கு இது கால் சதவீதம், ஆனால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2025 நடுப்பகுதி வரை அது 70,000 யூரோ. ஐஎக்ஸ் 50-இன் விலை சுமார் ஒரு லட்சம் யூரோவாக இருந்தது. ஆக அப்போது அதற்கும் அரை சதவீதம்தான். சார்ஜ் போடாமலே ஓட்டக்கூடிய வண்டிக்கும், சார்ஜ் போடாமல் நகரவே நகராத வண்டிக்கும் ஒரே சலுகையாக இருந்தது.

சரி, இனி என் கணக்கு. அமெரிக்க இபிஏ எண்களை எடுத்துக்கொள்கிறேன். அவை கலப்படம் இல்லாமல் தனித்தனியாகக் கிடைக்கின்றன. பேட்டரி தீர்ந்த எக்ஸ்5 லிட்டருக்கு 9.4 கி.மீ. போகிறது, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 245 கிராம். மின்சாரத்தில் ஓடும்போது 100 கி.மீ.க்கு 36 யூனிட் இழுக்கிறது. ஐஎக்ஸ் 24-25 யூனிட்தான். எடை ஒன்றாக இருந்தும் ஹைபிரிட் ஒன்றரை மடங்கு கரண்ட் குடிக்கிறது! பெட்ரோல் பிளாட்பாரத்தில் மோட்டாரைச் செருகிய வண்டிக்கும், மின்சாரத்துக்கென்றே காற்றைக் கிழிக்க வடித்த வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இது. விமர்சனங்களில் இதை யாரும் பேசி நான் பார்க்கவில்லை.

ஜெர்மன் மின்சாரத்தை யூனிட்டுக்கு 380 கிராம் என்று வைத்தால் ஐஎக்ஸ் கிலோமீட்டருக்கு 93 கிராம். ஒழுங்காக 80 சதவீதம் மின்சாரத்தில் ஓட்டுபவரின் எக்ஸ்5 சுமார் 159. கம்பெனி கார் ஆசாமியின் எக்ஸ்5 232 பக்கம். ஒரே கார்தான், எண் ஓட்டுநருடையது.

இதோடு நிறுத்தினால் ஐஎக்ஸ் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். எக்ஸ்5-இன் பேட்டரி 29.5 யூனிட், ஐஎக்ஸ் 50-இல் இருப்பது 111.5 யூனிட். ஒரு யூனிட் பேட்டரியைத் தயாரிக்க 60 முதல் 100 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு என்று பொதுவாகச் சொல்வார்கள். 75 என்று வைத்தால் இந்த 82 யூனிட் வித்தியாசத்துக்கு மட்டும் ஆறு டன். சார்ஜே போடாத ஆளோடு ஒப்பிட்டால் ஐஎக்ஸ் இந்தக் கடனை 45,000 கி.மீ.க்குள் அடைத்துவிடும். ஒழுங்கான ஆளோடு ஒப்பிட்டால் 90,000 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும், வருஷத்துக்கு 15,000 என்றால் ஆறு வருஷம். பெட்ரோல் இன்ஜின் தயாரிப்பை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கொஞ்சம் குறையும்.

அந்தப் பெரிய பேட்டரி எதற்கு? தினமும் ஐம்பது கி.மீ. ஓட்டுபவருக்கு அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் சும்மா சுமக்கும் பாரம்தான். விடுமுறைக்கு மியூனிக்கிலிருந்து இத்தாலிக்குப் போகும் இரண்டு நாளுக்காக வருஷம் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவது. ஹைபிரிட்காரர்கள் கேட்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. ஆனால் அவர்கள் வண்டியும் சும்மா இல்லை. மின்சாரத்தில் ஓடும் நாளெல்லாம் ஒரு மூன்று லிட்டர் இன்ஜினையும் 69 லிட்டர் டேங்கையும் சுமக்கிறது. இத்தாலி பயணத்திலும் முதல் கொஞ்ச தூரத்துக்குப் பிறகு ஆறு சிலிண்டர்தான். வழியில் சார்ஜ் போடலாமா என்றால் 7.4 கிலோவாட் ஏசி மட்டும், வேகச் சார்ஜ் வசதியே கிடையாது. காபி குடிக்கும் நேரத்தில் இருபது கி.மீ. ஏறினால் பெரிய விஷயம். ஐஎக்ஸ் அதே நேரத்தில், நல்ல சார்ஜர் கிடைத்தால், அரை மணியைச் சற்றே தாண்டி 10-இலிருந்து 80 சதவீதத்துக்குப் போய்விடும்.

என் தேர்வு இந்த இரண்டும் இல்லை. ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்40 என்று ஒன்று விற்றது. அதே உடம்பு, 76.6 யூனிட் பேட்டரி, அறிமுக விலை 77,300 யூரோ. மேலே போட்ட அதே கணக்கில், ஒழுங்கான எக்ஸ்5-க்கு எதிராக அது ஐம்பதாயிரம் கி.மீ. சுற்றி, அதாவது மூன்றரை வருஷத்தில் கடனை அடைத்துவிடும். டபிள்யூஎல்டிபி கணக்கில் 425 கி.மீ. வரை, வேகச் சார்ஜும் உண்டு. 2025-இல் காரைப் புதுப்பித்தபோது அந்த மாடலை எடுத்துவிட்டார்கள். இப்போது ஐஎக்ஸ் வரிசையில் இருக்கும் சிறிய பேட்டரியே சுமார் 95 யூனிட்.