எலும்பு கூடிய பிறகு

1866இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில், எழுதியவர் பெயரில்லாமல் ‘ஜார்ஜ் டெட்லோவின் கேஸ்’ என்றொரு கதை வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் நான்கையும் இழந்தவன் தன் கதையைச் சொல்கிறான். வாசகர்கள் நிஜமென்றே நம்பி அவனுக்குப் பணம் அனுப்பினார்கள். எழுதியவர் சைலாஸ் வெயர் மிட்செல். நரம்பில் குண்டடிபட்ட சிப்பாய்களின் தீராத எரிவலியை விவரமாகப் பதிவுசெய்த டாக்டர். அந்த வலியும் 1994இல் ‘காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்’ என்ற பெயருக்குள் வந்தது.

டெட்லோ புலம்புவதில்லை. எரிச்சல் தாங்காமல் வலது கை வெட்டப்பட்டதைக்கூட கேஸ் ஷீட் மாதிரிதான் சொல்கிறான். அதனால்தான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

நம்பப்படுவது சின்ன விஷயமில்லை. புக்கிட் மேராவில் எங்கள் வீட்டில், அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு கூடி மாதக்கணக்காகிறது. “ஃபேன் காத்து பட்டாலே எரியுதுப்பா” என்பார். பார்க்க வருகிறவர்கள், “அதான் கட்டு பிரிச்சாச்சே” என்பார்கள். இந்த நோயை உறுதிசெய்யத் தனி டெஸ்ட் கிடையாது. தோலின் நிறம், சூடு, வீக்கம், வியர்வை பார்ப்பார்கள். மீதி, நோயாளி சொல்வதுதான்.

கதையின் முடிவில் மிட்செல் சறுக்குகிறார். ஆவிகளை அழைக்கும் கூட்டத்தில், ராணுவ மருத்துவ மியூசியத்தில் ஆல்கஹாலில் ஊறிய கால்கள் திரும்பி வந்து டெட்லோவை நடக்கவைக்கின்றன. அதுவரை சம்பாதித்த நம்பிக்கையை ஒரு ஜோக்குக்குச் செலவழித்துவிடுகிறார்.

தமிழில் எரிச்சல், கடுப்பு, குடைச்சல், குத்தல் என வலிக்கு எத்தனை சொற்கள்! ஆனால் நம் கதைகளில் வலி வந்தவுடனே வாழ்க்கைக்கு உவமையாகிவிடுகிறது. எனக்கு வேண்டியது, கை கையாகவே வலிக்கிற, கடைசிப் பக்கத்திலும் குணமாகாத ஒரு கதை.